பாகூர் நெல்லும் ஐடிஆர் சொல்லும்

புதுச்சேரிப் பக்கத்துப் பாகூர் நெல்லுக்கு வருமான வரி கிடையாது. ஆனால் விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் ஐடிஆர்-1 என்ற வருமான வரிப் படிவம் கதவைச் சாத்திக்கொள்ளும். பென்ஷனோடு நெல்லும் விளைவிக்கும் வாத்தியார் ஐடிஆர்-2 வாசலில் போய் நிற்க வேண்டும். வரியே இல்லாத நெல்லுக்குத்தான் விசாரணை அதிகம்.

அடுத்த வில்லங்கம் இனிஷியல். ஆதாரில் ஒற்றை எழுத்து, பான் அட்டையில் அப்பாவின் முழுப்பெயர், வங்கிப் பாஸ்புக்கில் இனிஷியல் பெயருக்குப் பின்னால். 'பெயர் பொருந்தவில்லை' என்று திரை சொல்லும், ரீஃபண்டு நின்றுவிடும். வில்லியனூர்த் தேரடியில் எல்லோருக்கும் தெரிந்த மனிதரைக் கணினிக்கு மட்டும் அடையாளம் தெரியாது.

படிவம் தாக்கல் செய்யும் கெடு நெருங்கினால் வருமான வரி இணையதளமே படுத்துக்கொள்ளும். 2025-இல் செப்டம்பர் 15 என்றிருந்த கெடுவை ஒரே ஒரு நாள் நீட்டினார்கள். அந்த நாளிலும் நள்ளிரவு முதல் 2.30 மணிவரை பராமரிப்பு என்று தளத்தை மூடினார்கள். என்ன தாராளம்!

ஆகவே ஐயா, அம்மா, ஆதார், பான், வங்கி மூன்று இடத்திலும் பெயரை இப்போதே ஒன்றாக்குங்கள். தாக்கல் செய்த 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி போட்டு உறுதிப்படுத்துங்கள். உறுதிப்படுத்தாத படிவம் தாக்கல் ஆனதாகவே கணக்கில் வராது.