சோதனைப் பதிவு

தமிழில் வலைப்பதிவு எழுதத் தொடங்கி இருபது வருஷம் தாண்டியவர்களில் ஒரு தனி இனம் உண்டு. அவர்களை எழுத்தாளர் என்றும் சொல்ல முடியாது, கம்ப்யூட்டர்காரர் என்றும் சொல்ல முடியாது. குடிபெயர்வோர் என்று சொல்லலாம். இரண்டு வகைக் கட்டுரைதான் எழுதுவார்கள். ஒன்று, 'புது வீட்டுக்கு வந்துவிட்டேன், முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள்.' மற்றது, 'பழைய வீட்டை ஏன் காலி செய்தேன்.' இரண்டாவதுதான் நீளமாக இருக்கும். சுவையாகவும் இருக்கும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

எனக்குத் தெரிந்த குடிபெயர்வோரில் மூத்தவர் எங்கள் அண்ணாச்சி. பாளையங்கோட்டைக்காரர். 2003-ல் மஸ்கட்டில் கணக்கு வேலை பார்த்தபோது, வெள்ளிக்கிழமை லீவில் பொழுது போகாமல் எழுத வந்தவர். பதிவுக்குப் 'பொருநைத் தூறல்கள்' என்று பெயர் வைத்தார். அன்றைக்கு எல்லாரும் தூறல்கள், சாரல்கள், சிதறல்கள், கிறுக்கல்கள்தான். 'கட்டுரைகள்' என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒருவரும் வரவில்லை. அவ்வளவு தன்னடக்கம். பின்னூட்டத்தில் யாராவது ஒரு குறை சொன்னால் அந்தத் தன்னடக்கம் மறுநாள் காலை வரைகூடத் தாங்காது.

முதல் ஜாகை ஜியோசிட்டீஸ். யூனிகோடு பரவாத நேரம், திஸ்கியில் தட்டினார். படிக்க வருகிறவர் முதலில் எழுத்துருவை இறக்கி, நிறுவி, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுவிட்டு வரவேண்டும். அப்படியும் வந்தார்கள் என்பதுதான் ஆச்சரியம். அடுத்து பிளாக்கர். எ-கலப்பை கைக்கு வந்தது, யூனிகோடு வந்தது. விண்டோஸ் 98 வைத்திருந்தவர்களுக்குத் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்ததால், அதிராம்பட்டினம் உமர் தம்பி உருவாக்கிய தேனீ எழுத்துருவை வார்ப்புருவில் சொருகினார். பிளாக்கரில் அப்போது பின்னூட்டப் பெட்டியே கிடையாது. ஹாலோஸ்கேன் என்ற வெளிக் கடையிலிருந்து ஒன்றை வாங்கி மாட்டினார். 2004 மே மாதம் பிளாக்கரே பெட்டி கொடுத்த பிறகும் அண்ணாச்சி ஹாலோஸ்கேனை விடவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அதே 2004-ல் காசி ஆறுமுகம் தமிழ்மணத்தைத் தொடங்கினார். எழுதி முடித்தால் முகப்பில் தலைப்பு வரும். நாளடைவில் 'மீ த ஃபர்ஸ்ட்டு' என்ற பின்னூட்டமும் வர ஆரம்பித்தது. பதிவைப் படிக்காமலே போடப்படுவது அது. ஆனால் வாங்கியவருக்கு அது சாகித்திய அகாதமி.

பிறகு ஏன் காலி செய்தார்? பிளாக்கரில் தமிழில் தலைப்பு வைத்தால் அதிலிருந்து ஓர் எழுத்தும் முகவரிக்குப் போகாது. எல்லாப் பதிவுக்கும் 'பிளாக்-போஸ்ட்' என்றுதான் பெயர் விழும். அதே மாதத்தில் இன்னொன்று எழுதினால் வாலில் ஓர் எண். ஆச்சி இறந்ததைப் பற்றி எழுதியதும் பிளாக்-போஸ்ட், அல்வாவைப் பற்றி எழுதியதும் பிளாக்-போஸ்ட். விவரமானவர்கள் முதலில் ஆங்கிலத் தலைப்போடு வெளியிட்டுவிட்டு, முகவரி விழுந்ததும் தமிழுக்கு மாற்றிக்கொள்வார்கள். அண்ணாச்சிக்கு அது கள்ள வேலை. "எம் பிள்ளைக்கு நான் ஏம்டே மொதல்ல இங்கிலீஷ் பேரு வச்சு, பொறவு மாத்தணும்?"

அந்தச் சமயம் பார்த்து வேர்ட்பிரஸ் வந்திருந்தது. முவபிள் டைப் 2004-ல் உரிமக் கட்டணத்தை மாற்றியதில் கோபித்துக்கொண்டு உலகமே வேர்ட்பிரஸுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி முவபிள் டைப்பைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் அவர்களுக்காகக் கோபித்துக்கொண்டார். சொந்தமாக டொமைன் வாங்கினார், சர்வரில் இடம் பிடித்தார். வேர்ட்பிரஸ் தன் ஒவ்வொரு பெரிய வெளியீட்டுக்கும் ஒரு ஜாஸ் கலைஞர் பெயரை வைக்கும். அதில் மட்டும் அவருக்கு மனத்தாங்கல். "காருகுறிச்சியார் பேர வச்சா என்ன கொறஞ்சா போவும்?"

வேர்ட்பிரஸ் தமிழ்த் தலைப்பை முகவரியில் ஏற்றுக்கொண்டது. எப்படி? ஒவ்வொரு தமிழ்க் குறியையும் விழுக்காட்டுக் குறிகளாக உடைத்து, ஒன்றுக்கு ஒன்பது இடமாக. மொத்தம் 200 இடம்தான். கொம்பு, கால், புள்ளி எல்லாமே தனித்தனிக் கணக்கு. ஆக இருபத்திரண்டைத் தாண்டினால் கத்தரி. மதினி கோபமாக இருந்த ஒரு வாரத்தில் அண்ணாச்சி சமாதானத் தூதாக ஒரு பதிவு போட்டார்: 'மனைவியின் சமையலில் குறை ஏதுமில்லை.' கத்தரி மிகச் சரியாக நான்காவது சொல்லுக்கு முன்னால் விழுந்தது. மதினியின் தம்பி உலாவியில் திறந்து, முகவரிப் பட்டையை எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டினார்: மனைவியின், சமையலில், குறை. உள்ளே நாலு பக்கம் புகழ்ந்து எழுதியிருந்ததை மதினி இன்றுவரை படிக்கவில்லை.

அடுத்த வீடுகளை வேகமாகக் கடந்துவிடலாம். போஸ்டரஸ்: மின்னஞ்சல் அனுப்பினாலே பதிவாகிவிடும் என்று போனார். 2012-ல் அதை ட்விட்டர் வாங்கியது, 2013 ஏப்ரல் கடைசியில் இழுத்து மூடிவிட்டது. அதே வருஷம் ஜூலையில் கூகுள் ரீடரும் போனது. வாசகர்களும் அதோடு போனார்கள். டம்ளருக்குப் போனார், அங்கே பூனைப்படம் போடும் பிள்ளைகளுக்கு நடுவே தாமிரபரணி மணல் கொள்ளை எடுபடவில்லை. மீடியத்தில் கைதட்டல் விழுந்தது. யார் தட்டினார்கள் என்று பார்த்தால் அவருடைய மாப்பிள்ளை. எல்லா வீட்டிலும் முதலில் எழுதுவது ஒன்றே: 'சோதனைப் பதிவு. தமிழ் தெரிகிறதா?' அண்ணாச்சியின் மொத்த எழுத்தில் அதிகம் மறுபதிப்பு கண்டது இதுதான். சில வீடுகளில் அதோடு சரி.

பணி ஓய்வுக்குப் பிறகு ஜெகில். இதில் தரவுத்தளமே கிடையாது, எல்லாம் வெறும் கோப்பு. கறுப்புத் திரையில் கட்டளை தட்டிக் கட்டியெழுப்ப வேண்டும். ஒரு சாயங்காலம் முழுக்கப் பதிவு எழும்பாமல், கடைசியில் பார்த்தால் தலைப்பில் ஒரு முக்காற்புள்ளி. அங்கே அந்தப் புள்ளிக்கு வேறு உத்தியோகம். தலைப்பை மேற்கோள் குறிக்குள் அடைக்காமல் போட்டால் இடறும். 'காபி: ஒரு விளக்கம்' என்று எழுதியவர், 'காபி ஒரு விளக்கம்' என்று திருத்திவிட்டு என்னிடம் சொன்னார்: "வாக்கியத்த மாத்திட்டேன் தம்பி. மென்பொருள் சொன்னா சரியாத்தான் இருக்கும்." நாற்பது வருஷமாக யார் திருத்தம் சொன்னாலும் சண்டைக்குப் போன மனுஷன்.

போன மாதம் மதினியிடமிருந்து போன். "தம்பி, உங்க அண்ணாச்சி பேய் வீட்டுக்குப் போறாவளாம். என்னன்னு கேளுங்க."

கோஸ்ட். அண்ணாச்சி இதற்கு மட்டும் ஆறு மாதம் ஒப்பீட்டு அட்டவணை போட்டிருந்தார். எழுதியதை வாசகர் மின்னஞ்சலுக்கே அனுப்பும், சந்தா வாங்கலாம், திறந்த மூலம். சப்ஸ்டாக்கும் இருக்கிறதே என்றேன். "அது வாடக வீடு. இது சொந்தம். இதுதான் கடேசி, பாத்துக்கோ." எதற்கும் இருக்கட்டும் என்று என்னையும் வரச்சொன்னார். மூட்டை கட்டுகிற இரவில் கூட ஓர் ஆள் வேண்டும்.

இருபத்திரண்டு வருஷத்து எழுத்தை ஒரே கோப்பாக இறக்கினால் வந்தது ஒன்பது எம்.பி. அண்ணாச்சி நம்பவில்லை, மறுபடி இறக்கினார். அதே ஒன்பது. மருமகள் வாட்ஸாப்பில் அனுப்பிய வளைகாப்பு வீடியோவே நாற்பது எம்.பி. இருந்தது. சற்று நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "படமெல்லாம் சேத்தா கூட வரும்" என்றார். படங்களில் பாதி உடைந்த சட்டங்களாகத்தான் நின்றன.

கோப்பைத் திறந்தால் அடுத்த அதிர்ச்சி. 2006 முதல் 2009 வரையான பதிவுகளில் தமிழே இல்லை. தலைக்குமேல் சாய்கோடு போட்ட சின்ன 'ஏ', வட்டத்துக்குள் ஓர் 'ஆர்', மறுபடி அதே 'ஏ', அதே வட்டம். பக்கம் பக்கமாக இதேதான். பழைய சர்வரில் உள்ளே இருந்தது யூனிகோடு. பெட்டி மேல் ஒட்டியிருந்த சீட்டில் மட்டும் 'லத்தீன்' என்று இருந்திருக்கிறது. ஏதோ ஒரு குடிமாற்றத்தில் சீட்டை நம்பி மூட்டையைப் பிரித்திருக்கிறார்கள். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. அந்த மூன்றையும் மூன்று தனி எழுத்தாக எண்ணினால் இந்தக் கோலம்தான் வரும். திருப்பிச் சுற்றினால் பழையபடி ஆகிவிடும், உயிருக்கு ஆபத்தில்லை. அதைச் சொல்வதற்குள் அண்ணாச்சிக்கு மதினி மோர் கொண்டுவந்து கொடுக்கும்படி ஆகிவிட்டது.

சரியான பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பித்தது. குடிபெயர்வோர் குடிபெயர்வதே இதற்காகத்தான் என்பது என் சந்தேகம். அவர் ஒவ்வொரு பதிவாகத் திறந்து படித்தார். "ஏ, இத நானா எழுதினேன்? நல்லாருக்கேடே." பதிவைப் பாதியில் விட்டுவிட்டுப் பின்னூட்டத்துக்குத் தாவினார். அங்கேதான் முகம் மாறியது. பின்னூட்டமே இல்லை.

ஹாலோஸ்கேன் எப்போதோ கைமாறி மூடப்பட்டுவிட்டது. இறக்கி வைத்துக்கொள்ள அவகாசம் கொடுத்தார்கள்தான்; அண்ணாச்சி அப்போது வார்ப்புருவின் தலைப்பகுதிக்கு ஜங்ஷன் பாலத்தின் படத்தை வெட்டிக்கொண்டிருந்தார். அத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் இழவு விசாரித்தார். குறிப்பாக ஒன்று. 2005-ல் அவர் எழுதிய 'சிக்கரி இல்லாமல் காபி இல்லை'. 112 பின்னூட்டம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பதிவர் வந்து, டிகிரி காபியில் சிக்கரி கலப்பவன் எதையும் செய்யத் துணிந்தவன் என்ற தொனியில் ஆரம்பிக்க, நான்கு நாள் கும்மி. உள்குத்து, வெளிக்குத்து, அனானிகள், இரு தரப்புக்கும் 'ரிப்பீட்டேய்' போட்ட ஒரு நடுநிலையாளர். அண்ணாச்சியின் பொற்காலம். இன்டர்நெட் ஆர்க்கைவில் தேடினோம். பதிவு இருந்தது, பின்னூட்டச் சுட்டியைத் தட்டினால் ஒன்றும் திறக்கவில்லை.

"பதிவ மட்டும் கொண்டுபோயி என்ன செய்ய?" என்றார். சிக்கரிக் கிழங்கை வறுப்பது பற்றிய அந்தப் பதிவு சுமார் ரகம்தான், அவருக்கே தெரியும்.

மறுநாள் காலை என்னைக் கேட்காமலே தஞ்சாவூர்க்காரருக்குப் போன் போட்டுவிட்டார். நம்பரை எப்படிப் பிடித்தார் என்று கேட்டேன். "எதிரி நம்பர எவனாவது தொலைப்பானா?" பேச்சு ஸ்பீக்கரில் ஓடியது. அவரும் ஓய்வு பெற்றுவிட்டார், முழங்கால் வலி, பேத்திக்கு இரண்டு வயது. பிறகு சொன்னார்: "அதுவா சார்? எங்கிட்ட பத்திரமா இருக்கே."

அந்தக் கால இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் பக்கத்தை ஒரே கோப்பாகச் சேமிக்க முடிந்தது, எம்.எச்.டி. என்று வால் முளைக்கும். மனிதர் 2005-லேயே பின்னூட்டச் சன்னலை அப்படிச் சேமித்து, சி.டி.யில் எழுதி, அதிலிருந்து பென் டிரைவுக்கு மாற்றி, இன்றுவரை வைத்திருக்கிறார். அண்ணாச்சியின் சொந்த எழுத்துக்கு அண்ணாச்சி செய்யாத சேவை.

"எதுக்கு வச்சிருந்தீங்க?"

"ஆதாரம் சார். நாளைக்கே நீங்க அப்படிச் சொல்லலன்னு சொல்லிட்டா?"

அனுப்பித் தரச் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. அவருடைய 47-ஆம் பின்னூட்டத்தையும் சேர்த்தே ஏற்ற வேண்டும். அப்படி ஒன்று இருந்ததே அண்ணாச்சிக்கு மறந்துபோயிருந்தது. ராவோடு ராவாக அவர் நீக்கிவிட்ட பின்னூட்டம் அது. நீக்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் எதிரி சேமித்துவிட்டார். கோப்பு வந்தது. திறந்து 47-க்குப் போனார். படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தார். சிக்கரியை ருசிக்காகச் சேர்க்கவில்லை, தூளை மிச்சம் பிடிக்கத்தான் சேர்க்கிறார்கள், உங்கள் ஊர்க் கஞ்சத்தனத்துக்குக் கலாச்சாரம் என்று பெயர் வைக்காதீர்கள் என்று இருந்தது. அதற்கு அண்ணாச்சி பதில் சொல்லவே இல்லை. நீக்கியதோடு சரி.

நான் இதை எழுதும்போது மூன்று வாரமாகிறது. கோஸ்ட் தளத்துக்கு மாத வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது. முகப்பில் 'சோதனைப் பதிவு. தமிழ் தெரிகிறதா?' என்ற ஒன்று மட்டும் நிற்கிறது. ஒன்பது எம்.பி. மூட்டை பிரிக்கப்படாமல் மேசைத்திரையில் கிடக்கிறது. அண்ணாச்சி காலையில் எழுந்ததும் எழுத உட்கார்ந்துவிடுகிறார். ஏழு பக்கம் தாண்டிவிட்டது. சிக்கரி எந்த நூற்றாண்டில் எந்தக் கப்பலில் வந்தது என்பதுவரை போயிருக்கிறார். நேற்றுப் போனபோது, புது வீட்டு வேலை எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டேன்.

"அது கெடக்கட்டும் தம்பி" என்றார், தலையைத் திருப்பாமல். "மொதல்ல அவனுக்குப் பதில் சொல்லணும்."