ஆறு இட்லி பேட்டரி

மின்சார சைக்கிள் வைத்திருப்பவனை ஊரில் யாரும் உடற்பயிற்சி செய்கிறவனாக மதிப்பதில்லை. “அதான் மோட்டார் இழுக்குதே” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அப்படிச் சொல்கிறவர்களை ஏற்காடு அடிவாரத்தில் நிறுத்தி, என் வண்டியைக் கையில் கொடுத்து, “ஏறுங்கண்ணே, மோட்டார் இழுக்கும்” என்று சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஒரு சார்ஜுக்கு 60 கிலோமீட்டர் போகும் என்று சொல்லித்தான் விற்றார்கள். பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 60 கிலோமீட்டர் ரோட்டில் மேடு கிடையாது, எதிர்காற்று கிடையாது, ஓட்டுகிறவருக்குத் தொப்பையும் கிடையாது.

சேலத்தைவிட ஏற்காடு ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம். நான் 85 கிலோ, வண்டி 25 கிலோ. இந்த 110 கிலோவை அவ்வளவு உயரம் தூக்க எவ்வளவு ஆகும் என்று பள்ளிக்கூடப் பாடத்தைத் தூசு தட்டிப் பார்த்தால் 360 வாட்-மணி வருகிறது. என் பேட்டரி 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி. பெருக்கினால் அதே 360. சந்தோஷப்படலாம், மோட்டார் ஒரு துளிகூட வீணாக்காமல் இருந்தால்.

அதையே சாப்பாட்டுக் கலோரியில் சொன்னால் முந்நூற்றுச் சொச்சம். அதாவது சட்னி சேர்க்காமல் ஆறு இட்லி. ஆயிரக்கணக்கில் கொட்டி வாங்கிய பெட்டிக்குள் ஆறே ஆறு இட்லி! (தின்றதில் கால்பங்கைத்தான் நம் உடம்பு பெடலுக்கு அனுப்புகிறது என்பதால், பேட்டரியை ரொம்பவும் மட்டம் தட்ட முடியாது.)

என் வண்டியில் மோட்டார் பின்சக்கரத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. 250 வாட், லைசென்ஸும் நம்பர் பிளேட்டும் இல்லாமல் ஓட்ட வேண்டுமென்றால் அதற்குமேல் சட்டம் விடாது. நான் கியர் மாற்றினால் என் காலுக்குத்தான் சுகம். மோட்டாருக்கும் செயினுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சக்கரம் மெல்லச் சுற்றினால் அதுவும் மெல்லத்தான் சுற்ற வேண்டும். அப்போது அது கரண்ட்டை அள்ளிக் குடித்து, குடித்ததில் பெரும்பங்கைச் சூடாக்கிவிடும். ‘பாவம், மெதுவாகப் போகட்டும்’ என்று இரக்கப்பட்டால் அதைவிடக் கொடுமை வேறில்லை. பெடலுக்கு நடுவே மோட்டார் வைத்த வண்டிகள் செயின் வழியாக இழுக்கும். கியர் மோட்டாருக்கும் உதவும். அவற்றின் விலையைக் கேட்டால் சூடு நமக்கு ஏறுகிறது.

மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 20. வளைவின் உள்பக்கம் ரோடு எழுந்து நிற்கும் இடத்தில், திரையில் நாலு கோடு காட்டிய பேட்டரி சட்டென்று ஒரு கோட்டுக்கு வந்துவிடும். இழுவை தாங்காமல் வோல்டேஜ் படுத்துவிடுகிறது. நிறுத்தி, தண்ணீர் குடித்து, குரங்கை ஒரு முறை முறைத்துவிட்டு வந்தால் மறுபடி மூன்று கோடு. பிழைத்துவிட்டது என்று மிதித்தால் அடுத்த வளைவில் மறுபடி ஒன்று. அந்தக் கோட்டை நம்பிப் பத்து ரூபாய் கடன் கொடுக்கக்கூடாது. கடைசியில், செல்கள் கெட்டுப்போகாமலிருக்க, உள்ளே உள்ள சர்க்யூட்டே இணைப்பைத் துண்டித்துவிடும். அதன்பின் மிச்சம் 25 கிலோ இரும்பும் நானும். தாண்டிப் போகும் காரெல்லாம் கண்ணாடியை இறக்கி, “மோட்டாரைப் போடுங்க சார்” என்று யோசனை சொல்லும்.

“இறங்கும்போது சார்ஜ் ஏறிடுமே?” என்று கேட்பவர்களும் உண்டு. என் மோட்டாருக்குள் ஒருவழிக் கிளட்ச்; சக்கரம் தள்ளினாலும் மோட்டார் சுற்றாது. இறக்கத்தில் தேய்வது பிரேக் கட்டை மட்டும்.

ஏற்காடு வந்து சேர்ந்தும், மேலே சேர்வராயன் கோயில் வரை இன்னும் ஏற்றம் பாக்கி இருந்ததால், டீக்கடையில் சார்ஜ் போடக் கேட்டேன். “மீட்டர் ஓடுமே சார்” என்று இழுத்தார் கடைக்காரர்.

“அரை யூனிட்கூட ஆகாதுங்க. என்ன, ஒரு நாலு மணி நேரம் பிடிக்கும்.”

அவர் பெஞ்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“கரண்ட்டை சும்மா எடுத்துக்குங்க சார். நாலு மணி நேரம் பெஞ்சுல உக்காருவீங்களே, அதுக்கு எத்தனை டீன்னு சொல்லுங்க.”