வடசேரியில் வழி கேட்டல்: ஓர் ஆய்வு

பிழைப்புக்காக நாகர்கோவிலில் வாடகை வீடு பிடித்துக் குடியேறும் வெளியூர்க்காரனை, முன்பின் அறியாத உள்ளூர்வாசிகள் எப்படி எதிர்கொள்கிறார்கள் என்பது பல்கலைக்கழகங்கள் கையில் எடுக்க வேண்டிய பொருள். அவை எடுக்கும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாததால் தஞ்சாவூர்க்காரனான இவ்வாய்வாளன் எடுத்திருக்கிறான். களம்: வடசேரி பேருந்து நிலையம், கோட்டாறு கடைத்தெரு, வெட்டூர்ணிமடம் சாயாக்கடை பெஞ்சு. நிதியுதவி எவரும் தரவில்லை. சாயாவுக்கு மட்டும் பெரும்பாலும் தகவலாளிகளே காசு கொடுத்தார்கள்.

முதல் முடிபு: இங்கே வினாவுக்கு விடை வராது, வினாதான் வரும். “மணிமேடைக்கு எந்த பஸ் போகும்?” என்று கேட்டால் “சாருக்கு ஊரு எங்க?” என்பார்கள். இதைப் பண்புக்குறை என்று நினைப்பவர்கள் தொல்காப்பியம் படிக்காதவர்கள். வினாவுக்கு எதிராக வரும் வினாவையும் விடையாகவே கொள்ளலாம் என்று கிளவியாக்கத்தில் இடம் கொடுத்திருக்கிறார் தொல்காப்பியர். அந்நூல் அரங்கேறியது அதங்கோட்டாசான் முன்னிலையில் என்கிறது பாயிரம். ஆசானின் ஊர் இந்தக் குமரி மாவட்டத்து அதங்கோடுதான் என்பது இம்மாவட்டத்தாரின் அசைக்க முடியாத நம்பிக்கை. அரங்கேற்றத்துக்கு வந்த தொல்காப்பியர் அதங்கோட்டுக்கு வழி கேட்டிருப்பார். அந்த நூற்பாவைக் கடைசி நேரத்தில் சேர்த்திருப்பார். இது ஆய்வாளனின் துணிபு. மறுப்போர் ஒருமுறை வழி கேட்டுவிட்டு வந்து மறுக்கலாம்.

“தஞ்சாவூரா? நம்ம மச்சானுக்க தம்பி அங்க பேங்குல இருந்தாரே, தெரியுமா?”

தெரியாது.

“ஒசரமா, கண்ணாடி போட்டுக்கிட்டு…”

தெரியாது.

“பார்த்தா தெரியும் உங்களுக்கு. செரி, வாங்க, நானும் அங்கோட்டுதான்.”

கவனிக்க வேண்டிய கட்டம் இது. உறவு நிறுவப்பட்டுவிட்டது, நமக்கு அவரைத் தெரியாது என்பது ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளப்படவில்லை. அவர் நம்மோடு பஸ் ஏறுகிறார், நடத்துநரிடம் “நம்ம ஆளாக்கும், மணிமேடையில எறக்கி விடணும்” என்கிறார், பையிலிருந்து இரண்டு மட்டிப்பழம் எடுத்துத் தருகிறார். அவருக்கு அந்தப் பக்கம் ஒரு சோலியும் இல்லை என்பது இறங்கிய பிறகுதான் தெரியவரும்.

மேல்நாட்டாரும் இத்துறையில் முயன்றிருக்கிறார்கள். 1960களில் ஸ்டான்லி மில்கிராம் என்ற அமெரிக்க உளவியலாளர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் வழியாகவே பாஸ்டன் நகரப் பங்குத் தரகர் ஒருவரிடம் கடிதம் சேர்க்கும்படி ஆட்களிடம் கொடுத்துப் பார்த்தார். போய்ச் சேர்ந்த கடிதங்களுக்கு இடையாட்களாகச் சராசரியாக ஐந்து பேர் தேவைப்பட்டார்கள். பெரும்பாலான கடிதங்கள் போய்ச் சேரவேயில்லை. கோட்டாற்றில் கொடுத்திருந்தால் எல்லாமே சேர்ந்திருக்கும். பிரித்துப் படிக்கப்பட்டிருக்கும் என்பது வேறு விஷயம்.

இந்த ஒட்டுதலுக்குக் காரணம் என்ன? 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர் என்பார்கள் சிலர். ஆய்வாளன் மக்கள்தொகைக் கணக்கையே நம்புகிறான். 2011 கணக்குப்படி எழுத்தறிவில் மாநிலத்திலேயே முதலிடம் இம்மாவட்டத்துக்கு, 91.75 விழுக்காடு. படித்தவர்களுக்கெல்லாம் வேலை கொடுக்க வயலும் வாழைத்தோப்பும் போதாது. ஆகவே நமக்கு வழி சொல்லும் பெரியவரின் மகன் ஓசூரிலோ தம்மாமிலோ வாடகை வீட்டில் இருக்கிறான். அவனுக்கு அங்கே யாராவது வழி சொல்ல வேண்டும். அதற்கான முன்பணத்தை அவர் இங்கே கட்டிக்கொண்டிருக்கிறார்.

ஊரை விசாரித்த பிறகு தாய்மாமனை விசாரிப்பார்கள். இந்த விசாரணைக்குத் தனி வரலாறு உண்டு. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே சொத்து மாமனிடமிருந்து மருமகனுக்குப் போய்க்கொண்டிருந்தது. தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அதைக் கிண்டல் செய்து ஒரு மான்மியமே பாடினார். 1926ல் சட்டம் வந்து வழக்கம் மாறியது. சொத்துதான் மாமனை விட்டுப் போனது, கேள்வி போகவில்லை. “மாமன்மார் எத்தன பேரு? என்ன பண்ணுகாங்க?” என்று என் சொந்த ஊரில் யாரும் இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. சில விசாரணைகள் ஊரில் தொடங்கி, தெருவுக்கு வந்து, கும்பிடும் சாமியில் போய் நிற்கும். அங்கே தேடப்படுவது உறவு அல்ல, சாதி. தமிழ்நாட்டின் மற்ற ஊர்களிலும் இதே பாதைதான். இங்கே கேட்பவரின் குரல் இனிமையாக இருப்பதால் கேள்வி நல்லதாகிவிடாது. அந்த இடத்தில் பேச்சை மீன் விலைக்குத் திருப்பிவிடலாம். அரைமணி நேரத்துக்கு வேறு கேள்வி வராது.

நாகர்கோவிலுக்குக் குடிவர இருப்போர் தாய்மாமன் பெயர், உத்தியோகம், அவர் பெண் எடுத்த ஊர் ஆகிய மூன்றையும் மனப்பாடம் செய்துகொண்டு வரவும். தாய்மாமன் இல்லாதவர்களும் தயங்க வேண்டாம். வந்த வாரத்திலேயே ஒருவரை ஏற்பாடு செய்து தந்துவிடுவார்கள்.