சோசியல் படிச்சா என்ன வேலை?

சமூக அறிவியல் என்ற பாடத்துக்குப் பரீட்சைக்கு முந்தின ராத்திரி மட்டும்தான் உயிர் வரும். மற்ற நாட்களில் அதன் பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார். திருப்பித் தந்ததாகச் சரித்திரமே இல்லை. பத்தாம் வகுப்பு முடிந்ததும் வீட்டில் அதற்குக் கருமாதி. அதன்பிறகும் ஒரு பிள்ளை வரலாறு, பொருளாதாரம் என்று வாயெடுத்தால், "ஏன், மார்க் குறைஞ்சுபோச்சா?" என்று சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிக்க வந்துவிடுவார்கள்.

கோடை விடுமுறையில் எங்கள் குடியிருப்புச் சங்கம் பிள்ளைகளுக்கு 'எதிர்கால வேலை' வகுப்பு நடத்தியது. டாக்டர் பேசினார், சாஃப்ட்வேர்காரர் பேசினார், ஆடிட்டர் பேசினார். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள் கிடைக்கவில்லை, என்னைக் கூப்பிட்டார்கள். நான் புள்ளியியல் துறையில் வீடுவீடாகக் கேள்வி கேட்டே ஓய்வுபெற்றவன். "மாசம் எத்தனை கிலோ அரிசி வாங்குறீங்க?" என்று கேட்டால், ஒரு வீட்டில் கடன் வசூலிக்க வந்தவன் என்று கதவைச் சாத்துவார்கள், அடுத்த வீட்டில் ஏதோ உதவித்தொகை வரப்போகிறது என்று காபி கொடுப்பார்கள். கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

"சமூகவியல் அறிஞர்னா என்ன பண்ணுவார் அங்கிள்?" என்றான் ஒரு பையன். எம்.என்.சீனிவாஸ் 1948-இல் மைசூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் போய்த் தங்கி, யார் யார் வீட்டில் சாப்பிடுகிறார்கள், யாருக்கும் யாருக்கும் தகராறு என்றெல்லாம் கவனித்து எழுதினார் என்றேன்.

"எங்க பாட்டி தினமும் அதைத்தானே பண்றாங்க?"

"பாட்டி எழுதிவைக்கலை. அதான் வித்தியாசம்" என்று சமாளித்தேன். கதை அங்கே நிற்கவில்லை. சீனிவாஸ் 18 வருடமாகத் தொகுத்த குறிப்புகளின் மூன்று பிரதிகளும் 1970-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் நடந்த தீவைப்பில் எரிந்துபோயின.

"மூணு காப்பியையும் ஒரே ரூம்லயா வெச்சாரு?" பெரிய அறிஞர்களும் கேட்கத் தயங்கியிருக்கக்கூடிய கேள்வி. அதன்பின் பெரும்பாலும் ஞாபகத்திலிருந்தே அவர் எழுதிய புத்தகம் 1976-இல் வந்து பெயர்பெற்றது என்றேன்.

"அப்ப பாட்டி மாதிரியேதான்" என்று முடித்துவிட்டான்.

பேச்சு போதும், வேலையே கொடுப்போம் என்று தோன்றியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், கேள்விப் பட்டியலைக் கையில் கொடுத்து மாணவர்களைத் தங்கள் ஊர்களுக்கே அனுப்பினார். அந்தக் கிராமங்களின் கதை 1918-இல் புத்தகமானது. இருவேல்பட்டு போன்ற அந்த ஊர்களுக்கே பிற்காலத்து ஆய்வாளர்களும் திரும்பத் திரும்பப் போய், என்ன மாறியது என்று பார்த்தார்கள். நானும் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். ஒரே கேள்வி: உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிட உட்காருவது யார்?

மறுவாரம் தாள்கள் வந்தன. வீடுகள் வேறு, கதவு நம்பர் வேறு, விடை மட்டும் ஒன்றேதான். ஒரு பெண் தானாகவே இன்னொரு கேள்வியும் சேர்த்திருந்தாள்: 'நேற்றைய சாம்பார் யாருக்கு?' அதற்கும் அதே விடை. அன்று சாயங்காலம் அப்பாக்கள் என்னிடம் வந்து, "இதெல்லாம் சிலபஸ்ல இருக்கா சார்?" என்றார்கள். அம்மாக்கள் கேசரி கொடுத்தனுப்பினார்கள்.

அடுத்த வகுப்பில் உத்திரமேரூர்க் கல்வெட்டு. கல்லில் ஈரத்தாளை ஒட்டி, பிரஷால் தட்டி, மை ஒற்றிப் படியெடுக்க வேண்டும் என்றதும் சுவரில் மை பூசச் சம்பளமா என்று பிள்ளைகள் குதித்தார்கள். உண்டு, தொல்லியல் துறையில் கல்வெட்டாய்வாளர் என்று பதவியே உண்டு. முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டில் இருப்பது குடவோலைத் தேர்தலின் விதிகள். 35 வயதுக்குமேல், 70-க்குள் இருக்க வேண்டும். வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்க முடியாது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள்.

"சின்னப் பையனா!" என்று கைதட்டினார்கள். அப்புறம் கேள்விகள் ஆரம்பித்தன.

"வாடகைக்கு இருக்கிறவங்க நிக்க முடியாதா? நம்ம அசோசியேஷன்லயும் அப்படித்தானே?"

"1,100 வருஷமாவா?"

"கணக்குக் காட்டாதவங்கன்னா... நம்ம தண்ணி லாரிக் கணக்கை எங்க ஒட்டியிருக்காங்க அங்கிள்?"

வெகுகாலமாகப் போட்டியின்றித் தேர்வாகிவரும் சங்கச் செயலாளர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவசரமாக ஒரு போன் வந்தவராக எழுந்து போனார். போன் அடித்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

அடுத்த வருடத்துக்கு அபாகஸ் வகுப்பு என்று அன்றிரவே வாட்ஸாப்பில் அறிவிப்பு வந்துவிட்டது. அபாகஸ் மணிகளை எவ்வளவு தள்ளினாலும் தண்ணீர் லாரிக் கணக்கைக் கேட்காது.

ஒரு அப்பா மட்டும் லிஃப்டில் மடக்கினார். "பையன் தேர்டு குரூப் எடுக்கிறேங்கிறான். இதைப் படிச்சா என்ன சார் வேலை?"

பொருளாதார நிபுணர், நகரத் திட்டமிடுபவர், யுபிஎஸ்சி தேர்வெழுதிச் சேரும் இந்தியப் பொருளாதாரப் பணி என்று அடுக்கினேன். அவர் முகம் தெளியவில்லை. "சுருக்கமாச் சொல்லுங்க சார்."

"கேள்வி கேட்கிற வேலை. சம்பளம் முன்னப்பின்ன இருக்கும். எதிரிகளுக்குப் பஞ்சமே இருக்காது."