டீசல் பேட்டையில் நாலு பிளக்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் உங்கள் பெட்ரோல் கார் திக்கித் திக்கிப் போகிறதா? ஸ்பார்க் பிளக்கில் கோளாறு இருக்கலாம். முதல் விதி, நடுரோட்டில் பானெட்டைத் திறக்காதீர்கள். திறந்தால் ஆள் சேரும். ராயபுரம் முதல் எண்ணூர் வரை, தெருவுக்கு நாலு பேராவது ஏதாவது ஒரு கம்பெனியில் இன்ஜினைத் தொட்டுப் பார்த்தவர்கள். அத்தனை பேரும் அந்த நேரத்தில்தான் டீ குடிக்க வருவார்கள்.

"இன்னா தம்பி, இழுக்கலியா?" என்று முதலில் வருபவர் அசோக் லேலண்டில் ரிட்டயர் ஆனவராக இருப்பார். மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அவர் ஆயுசெல்லாம் பார்த்தது டீசல் இன்ஜின். அதில் காற்றை அழுத்தி, அந்தச் சூட்டிலேயே டீசலை எரிய வைப்பதால் ஸ்பார்க் பிளக்குக்கே வேலை கிடையாது. 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கியபோது அந்தக் கம்பெனி எண்ணூரில் பூட்டியது ஆஸ்டின் ஏ40 என்ற பெட்ரோல் கார், அதற்கும் உங்கள் காரைப் போல நாலு பிளக் என்று நீங்கள் சொல்லிப் பார்க்கலாம். சொன்னால் இன்னொரு டீ வாங்கித் தர வேண்டியிருக்கும்.

அடுத்து வருபவர் திருவொற்றியூர் என்ஃபீல்டு ஆள். பிளக் அவருக்கு அத்துப்படி. என்ன, பழைய புல்லட்டுக்கு ஒரே பிளக். ஆகவே அவர் சொல்வது உங்கள் காரில் கால்வாசிக்குப் பொருந்தும்.

சரி, நோய் பிளக்கில்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வண்டி நடுங்கினால் உடனே பிளக்கைப் பழிக்காதீர்கள், டிரெய்லர்கள் தோண்டிய பள்ளமாகவும் இருக்கலாம். ஓரங்கட்டி நிறுத்துங்கள். நின்ற பிறகும், இன்ஜின் ஓடும்போது ஸ்டியரிங் நடுங்கினால் மிஸ்ஸிங், அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை. காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடித்தால், பிக்கப் செத்தால், இன்ஜின் விளக்கு மினுக்கினால் சந்தேகம் வலுக்கிறது. மைலேஜை மட்டும் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிய எந்த வண்டிக்கும் மைலேஜ் கிடையாது.

அந்த வரிசைக்கும் பிளக்குக்கும் உண்மையிலேயே பகை உண்டு. பிளக்கின் முனை சுமார் 450 டிகிரிக்கு மேல் சூடானால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தால் அந்தச் சூடு வராது. ஆகவே டிராஃபிக்கைத் திட்டுவது இங்கே மெக்கானிக் வேலையின் ஒரு பகுதி.

இனி பிளக்கைக் கழற்றலாம். இன்ஜின் நன்றாக ஆறட்டும்; அலுமினிய சிலிண்டர் ஹெட்டில் சூட்டோடு திருகினால் மரை போய்விடும். பிளக்கின் தலைமேல் உட்கார்ந்து அதற்கு மின்சாரம் தரும் காயிலைக் கழற்றியதும் குழிக்குள் காற்றடித்துத் தூசியை ஊதிவிடுங்கள், இல்லாவிட்டால் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும். தூசியின் நிறத்தை வைத்து வண்டி எந்தப் பேட்டை என்று ஜோசியம் சொல்லும் ஆசை வரும். ஜாக்கிரதை: பழைய வண்டியில் நிலக்கரிக் கறுப்பென்றால் எண்ணூர்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. உயர் நீதிமன்ற உத்தரவால் 2011-ல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நிற்கும் வரை ராயபுரத்து மொட்டைமாடியிலும் அதே கறுப்புதான் படிந்தது.

ஒரு பிளக்கைக் கழற்றி, மாட்டி, பிறகு அடுத்தது. நாலையும் ஒன்றாகப் பிடுங்கி டாஷ்போர்டில் வைத்தால் எது எந்த சிலிண்டர் என்று யாருக்கும் தெரியாது, அங்கேயே பஞ்சாயத்து கூடும். முனையைப் பாருங்கள். வெளிர் பழுப்பாக, பிஸ்கட் நிறத்தில் இருந்தால் நல்ல பிளக். காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் பாய்கிறது, அல்லது மேலே சொன்ன கன்டெய்னர் வரிசை. ஆயில் பிசுக்கு என்றால் பிஸ்டன் ரிங்கோ வால்வ் சீலோ தேய்ந்திருக்கிறது. புதுப் பிளக் சில நாளைக்கு அதை மறைக்கும், அவ்வளவே. வெள்ளை வெளேரென்று கொப்புளம் போட்டிருந்தால் அதீதச் சூடு. நடு முனையின் விளிம்பு மழுங்கி உருண்டிருந்தால் ஆயுள் முடிந்தது. அதை உப்புத்தாளால் தேய்த்து, "இன்னும் ஆறு மாசம் ஓடும்" என்பவரை வணங்கி அனுப்பிவிடுங்கள். சாதா நிக்கல் பிளக்கை 30,000, 40,000 கிலோமீட்டரில் மாற்றுவதுதான் வழக்கம். இரிடியம் 1,00,000 வரை தாங்கும். வண்டிக் கையேட்டில் எண் போட்டிருக்கும், அதுவே சட்டம்.

புதுப் பிளக்கைக் கையால்தான் முதலில் திருக வேண்டும். விரலுக்கு வழுக்கிக்கொண்டு இறங்கினால் மரை சரி. முரண்டினால் வெளியே எடுத்து மறுபடி ஆரம்பியுங்கள். விரல் நின்ற இடத்திலிருந்து, புது வாஷரோடு வரும் பிளக்குக்கு ஸ்பேனரால் அரைச் சுற்று, மிஞ்சினால் இன்னும் கொஞ்சம். இந்த இடத்தில் பக்கத்திலிருந்து "நல்லா டைட் வைப்பா" என்று குரல் வரும். லாரி சக்கர நட்டு முடுக்கிய தோள் அது. ஸ்பேனரை அவர் கையில் கொடுக்காதீர்கள்.

எல்லாம் மாற்றியும் மிஸ்ஸிங் நிற்கவில்லையா? ஒரு சிலிண்டரின் காயிலை எடுத்துப் பக்கத்து சிலிண்டரில் மாட்டிப் பாருங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே இடம் மாறினால் குற்றவாளி அந்தக் காயில்தான், அதை மட்டும் மாற்றினால் போதும். அதற்குள் யாராவது "இன்ஜினை இறக்கிப் பாத்துடலாம் சார்" என்றால், முதலில் வண்டிச் சாவியைப் பத்திரப்படுத்துங்கள்.