ஒரிஜினல் செல்லாது

அனுப்புநர்: ஒரு கட்டைப்பையும் அதைத் தூக்கிவந்த பாட்டியும்.
பெறுநர்: மேன்மை தங்கிய மகப்பேறு வார்டு நிர்வாகம், அரசு மருத்துவமனை, எங்கள் ஊர்.
பொருள்: ஜெராக்ஸ் எடுத்துவரத் தாமதமானமைக்கு மன்னிப்புக் கோருதல்.

பெருமதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

போன செவ்வாய் நள்ளிரவு 1.40க்கு 108 வண்டியில் வலியோடு வந்திறங்கிய பெண்ணின் தாய் நான். என்னை நினைவிருக்காது. என் கட்டைப்பையை நினைவிருக்கும். ஜெராக்ஸ் இல்லாத பை என்று வார்டு முழுக்கப் புகழ்பெற்ற பை அது.

வளைகாப்பு முடிந்த மறுநாளே அந்தப் பையைக் கட்டத் தொடங்கிவிட்டேன். பழைய நூல் சேலை இரண்டைக் கிழித்து, வெந்நீரில் அலசி, வெயிலில் காயப்போட்டு 20 துணி மடித்து வைத்தேன். முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி மூன்று. பிளாஸ்க், டம்ளர், பாலாடை, ரப்பர் ஷீட், நாப்கின், வாளி, மக்கு, ஒரு பாக்கெட் பிரெட். பிறக்கும் முன்னே புதுச்சட்டை வாங்கக் கூடாதென்பதால், அண்ணன் பேரன் போட்ட பழைய சட்டை ஒன்று. தாய்சேய் அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், கர்ப்பப் பதிவுக்கான பிக்மி நம்பர், ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் கவரில். அத்தனையும் ஒரிஜினல்.

2015இல் அரசு கொண்டுவந்த குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தில் 16 பொருள். கொசுவலை இருந்தது, நகவெட்டி இருந்தது, கிலுகிலுப்பை இருந்தது, பெற்றவளுக்கு லேகியம்கூட இருந்தது. ஜெராக்ஸ் இல்லை. அரசே மறந்ததை ஒரு பாட்டி மறந்தால் குற்றமா என்று கேட்க மாட்டேன். குற்றம்தான்.

"ஆதார் ஜெராக்ஸ் மூணு, ரேஷன் கார்டு ரெண்டு, பாஸ்புக் ரெண்டு. அப்புறந்தான் எதுவும்" என்றீர்கள். ஒரிஜினலை நீட்டினேன். "ஒரிஜினலை வச்சு நாங்க என்னம்மா பண்றது?" நியாயமான கேள்வி. ஒரிஜினல் பெண் ஒருத்தி ஸ்ட்ரெச்சரில் கத்திக்கொண்டிருந்தாள். அவளை வைத்தும் என்ன பண்ணுவதென்று தெரியாமல்தான் நின்றீர்கள்.

மருமகன் அப்போதுதான் திருப்பூரில் பஸ் ஏறியிருந்தார். ஆகவே நானே கிளம்பினேன். அந்த நேரத்தில் திறந்திருந்தது பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடை ஒன்றுதான். ஆட்டோவுக்கு 150 ரூபாய். கடைத் தம்பி என் முகத்தைப் பார்த்தான். "பிரசவமாம்மா? ஆதார் மூணு, ரேஷன் ரெண்டு, பாஸ்புக் ரெண்டு, சரியா?" என்றான். உங்கள் பட்டியல் ஊருக்கே மனப்பாடம். எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

நான் திரும்பியபோது மணி 3.05. பேத்தி பிறந்தது 2.52க்கு.

பிரசவ அறையில் பெண் துணை ஒருவர் கூடவே இருக்கலாம் என்று சொன்னது இதே தமிழ்நாட்டு அரசு. அந்தத் துணை நான். அந்த ஒரு மணி நேரமும் என் பெண் அம்மா அம்மா என்று கூப்பிட்டிருக்கிறாள். பக்கத்துக் கட்டில்காரியின் அத்தைதான் கையைப் பிடித்துக்கொண்டாளாம். ஏழு தாளுக்காகப் பெற்றவளைத் தெருவுக்கு விரட்டினீர்களே, விடிந்த பிறகு கேட்டிருந்தால் அந்தத் தாள் செத்தா போயிருக்கும்?

மன்னிக்கவும். பேத்தி ராத்திரியில் தூங்கவிடுவதில்லை, வார்த்தை தடித்துவிட்டது. தங்கள் கருணைக்கு வருகிறேன்.

வாசலில் நின்ற ஊழியர் வாழ்த்துச் சொன்னார்: "பொம்பளப் புள்ள. ஐநூறு குடும்மா." ஆண் என்றால் ஆயிரமாம். பிறந்த கால் மணிக்குள் குடும்பத்துக்கு ஐநூறு மிச்சம் பிடித்தவள் என் பேத்தி. 2011 முதல் அரசு மருத்துவமனையில் பிரசவம், மருந்து எல்லாம் இலவசம். சுகப்பிரசவத்துக்கு 3 நாள், சிசேரியனுக்கு 7 நாள் சாப்பாடும் இலவசம். குழந்தை முகம் பார்ப்பதை மட்டும் பட்டியலில் சேர்க்க மறந்துவிட்டார்கள் போல. நோட்டுக்கும் ஜெராக்ஸ் போதுமா என்று கேட்க வாயெடுத்தேன். அதை மட்டும் ஒரிஜினலாகவே வாங்கிக்கொண்டீர்கள். நடைமுறையை இவ்வளவு எளிதாக்கியதற்கு நன்றி.

பாஸ்புக் ஜெராக்ஸ் 18,000 ரூபாய் மகப்பேறு நிதியுதவிக்காம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் உள்ள திட்டம். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம் வாங்கிய அந்த அம்மையாரே உங்கள் வாசலுக்கு வந்தாலும், "ஒரிஜினல் வேணாம்மா, ஜெராக்ஸ் இருக்கா?" என்றுதான் கேட்பீர்கள். சமத்துவம் என்றால் அதுவல்லவா!

காலையில் அந்த ஏழு தாளையும் உங்கள் மேசையில் பார்த்தேன். யாரும் பிரித்த மாதிரி இல்லை. மேலே இருந்த ஆதாரில் என் மகள் முகத்தைச் சுற்றி டீ கிளாஸ் வைத்த கறை, சாமி படத்து ஒளிவட்டம் போல.

பேத்தியைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றே: "அப்படியே அவ அம்மா ஜெராக்ஸ்!" எனக்கும் நிம்மதி. ஒரு ஜெராக்ஸாவது நேரத்துக்கு வந்து சேர்ந்ததே.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கட்டைப்பைப் பாட்டி.

இணைப்பு:
1. ஆதார் ஜெராக்ஸ் – 3 (டீக்கறை படியாதவை)
2. ரேஷன் கார்டு ஜெராக்ஸ் – 2
3. பாஸ்புக் ஜெராக்ஸ் – 2
4. 2.52 மணிக்கு நான் என் மகள் கையைப் பிடித்திருந்ததற்கான ஜெராக்ஸ் – இல்லை. ஒரிஜினலே நடக்கவில்லை.