மாடு பூட்டிய ஹைபிரிட்

பிஎம்டபிள்யூ ஐ8 என்ற ஹைபிரிட் ஸ்போர்ட்ஸ் காரை 2015-ல் சச்சின் டெண்டுல்கரை வைத்து இந்தியாவில் அறிமுகம் செய்தார்கள். மூன்றே சிலிண்டர், ஒன்றரை லிட்டர் பெட்ரோல் இன்ஜின். துணைக்கு ஒரு மின் மோட்டார். இரண்டும் சேர்ந்தால் 362 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட 4.4 விநாடி. போடிக்கு மேற்கே, முந்தல் செக்போஸ்ட் பக்கம் நிற்கும் ஜீப் டிரைவர் யாரிடமாவது இந்தப் பெருமையை அவிழ்த்து விட்டுப் பாருங்கள். “அதெல்லாம் சரிண்ணே, எத்தன பேரு ஏத்தலாம்?” என்பார். நாலு பேர், அதிலும் பின்னால் இருவர் சின்னப் பிள்ளைகளாக இருந்தால் உத்தமம் என்று சொன்னால், ஏமாந்த மனிதனைப் பார்ப்பதுபோல் உங்களைப் பார்ப்பார்.

ஏலத்தையே ஏலம் விடும் ஊர் போடி. மலைக்கு மேலே இருக்கும் சரக்கு கீழே வந்தால்தான் அங்கே அடுப்பு எரியும். அதனால் இரண்டு சக்திகளைச் சேர்த்துக் கட்டி ஓட்டும் வித்தை இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. ஃபெர்டினாண்ட் போர்ஷே 1900-ல் பெட்ரோலுக்கும் மின்சாரத்துக்கும் கல்யாணம் செய்துவைத்து, அந்த வண்டிக்கு ‘என்றும் உயிருள்ளது’ என்று லத்தீனில் பெயர் சூட்டினார். இரண்டே வருஷம்தான். 1902-ல் மூணாறுத் துரைமார் தங்கள் ஹைபிரிடை இறக்கிவிட்டார்கள். பாதி ரயில், பாதி மாட்டுவண்டி.

கதை இல்லை. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்வே என்று பெயர். சாலையோரமாக ஒற்றைத் தண்டவாளம். பெட்டிக்கு அடியில் இருக்கும் சின்னச் சக்கரம் அதில் உருளும். பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம், நொண்டிக்கு ஊன்றுகோல் மாதிரி, சாலையில் உருண்டபடியே வண்டி கவிழாமல் பார்த்துக்கொள்ளும். பாரம் கிட்டத்தட்ட முழுவதும் இரும்பின் மேல். சமாளிப்பு மட்டும் மண்ணின் மேல். இதற்கு ஈவிங் முறை என்று பெயர். இழுப்பது மாடு. இதே முறையில் 1907-ல் பாட்டியாலா சமஸ்தானமும் ஒரு ரயில் விட்டது. அங்கே ராணுவத்துக்காக வளர்த்த கோவேறு கழுதைகளைப் பூட்டினார்கள். கோவேறு கழுதை பிறவியிலேயே ஹைபிரிட் என்பதால் அதை இரட்டை ஹைபிரிட் என்று விளம்பரம் செய்திருக்கலாம். அந்தக் காலத்து மகாராஜாக்களுக்கு மார்க்கெட்டிங் தெரியாது.

மூணாறு மாடலுக்கு ஒரு விளம்பரத்தாள் அடித்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? திறன்: ஜோடிக்குச் சுமார் ஒரு குதிரை. எரிபொருள்: வைக்கோல், பண்டிகை நாளில் பருத்திக்கொட்டை. புகைச் சோதனை தேவையில்லை; பின்னால் வெளியேறுவதை வரட்டி தட்டிக்கொள்ளலாம். நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஆகும் நேரம்: அடுத்த பிறவி. ஆனால் அந்த வண்டியிடம் துரை எதிர்பார்த்தது வேகத்தையா? தேயிலைப் பெட்டி நனையாமல், நசுங்காமல் டாப் ஸ்டேஷன் போய்ச் சேர்ந்தால் போதும்.

1908-ல் மாட்டுக்கு ஓய்வு கொடுத்து, இரண்டடி அகலத்தில் ஒழுங்கான ரயில்பாதை போட்டார்கள். பெட்டி டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வரும். அங்கிருந்து கம்பியில் தொங்கியபடி ஐந்து கிலோமீட்டர் இறங்கிக் கொட்டகுடிக்கு வரும். மேலே இருப்பது டாப் ஸ்டேஷன் என்பதால் கீழே இருப்பது பாட்டம் ஸ்டேஷன். பெயர் வைக்க யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. அங்கே யார் காத்திருப்பது? மேலே வேலை போன அதே ஜாதி மாடு! கொட்டகுடியிலிருந்து போடிக்கு 15 கிலோமீட்டர் கட்டைவண்டிதான். மலை உச்சியில் ரயில் ஓடியது, கீழே சமவெளியில் இருந்த போடிக்கு ரயில் கிடையாது.

1924 வெள்ளம் மேலே இருந்த ரயிலைத் துடைத்துக்கொண்டு போனது. 1928-ல் போடிக்கு ரயில் வந்தது, நாலு வருஷம் லேட். இரண்டாம் உலகப் போரில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய், 1950-களில் திரும்பப் போட்டார்கள். அகலப்பாதை ஆக்குகிறோம் என்று 2010 கடைசியில் நிறுத்திய ரயில், 2023 ஜூனில்தான் மறுபடி போடியை எட்டிப் பார்த்தது. மதுரையிலிருந்து போடி 90 கிலோமீட்டர். அதைத் தொட பன்னிரண்டரை வருஷம். 4.4 விநாடிக்காரர்கள் குறித்துக்கொள்ளவும்.

சரி, அந்த ஐ8-ஐ போடிமெட்டுக்கு ஏற்றித்தான் பார்ப்போமே. கொண்டை ஊசி வளைவு 17. ஒன்றரை டன் எடையை ஆயிரம் மீட்டர் உயரத்துக்குத் தூக்க மட்டும் சுமார் 4 யூனிட் மின்சாரம் வேண்டும். அதன் பேட்டரியில் செலவழிக்கக் கிடைப்பதே 5 யூனிட் சொச்சம். மோட்டாரை மட்டும் நம்பினால் மெட்டுக்கு வருமுன்பே மூச்சு வாங்கும். பிறகு மூன்று சிலிண்டர்தான் அந்தப் பேட்டரியையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். இறங்கும்போது போன மின்சாரத்தில் கொஞ்சம் திரும்பி வரும், அது நிஜம். மேலேயே ராத்திரி தங்கி முழுக்க சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் அதுவும் இல்லை. நிரம்பிய குடத்தில் எங்கே ஊற்றுவது? முதல் சில வளைவுகளுக்குப் பிரேக் கட்டைதான் சூடேறும்.

மலை டிரைவர்கள் இதற்கு வழி சொல்லி ரொம்ப நாளாகிறது: ஏறின கியரிலேயே இறங்கு. உங்கள் கார் எத்தனை கோடி ஆனாலும் அப்படியே இறங்குங்கள். எதிரே ஏறிவரும் ஜீப்புக்கு வழிவிடுங்கள். உள்ளே தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் பதினைந்து பேர் இருப்பார்கள்.